ஆலிவுக்கு யார் எழுதிக் கொடுத்த பட்டா?

மரக்காணத்து உப்புப் பாத்தியில் நாள் முழுக்க வாருபலகை பிடிக்கும் ஒருவருக்கு இரத்தத்தில் கொழுப்பு கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புதுச்சேரிக்கோ திண்டிவனத்துக்கோ போய்ப் பரிசோதித்துக்கொண்டு திரும்புகிறார். வீட்டில் முதல் தண்டனை அடுப்படியில் இருக்கும் மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய்க்குத்தான் விழுகிறது. "கடலெண்ணெய நிறுத்திடுங்க, சன்பிளவருக்கு மாறிடுங்க, முடிஞ்சா ஆலிவ் ஆயில் வாங்கிக்குங்க." மருத்துவமனை வாசல், தொலைக்காட்சி விளம்பரம், குடும்ப வாட்ஸ்அப் குழு என்று எங்கிருந்து வந்தாலும் அறிவுரை இதுதான். ஏன் என்று கேட்டால், ஆலிவில் ஒலீயிக் அமிலம் இருக்கிறது, அது இதயத்துக்கு நல்லது என்கிறார்கள்.

சொல்லும் காரணம் பெரும்பாலும் சரி. அதிலிருந்து வந்து சேரும் முடிவுதான் தவறு. ஒலீயிக் அமிலம் வேண்டும் என்பதற்காக மத்தியதரைக் கடல் வரைக்கும் போகவேண்டிய தேவை, மரக்காணத்திலிருந்து மேற்கே திண்டிவனம் சாலையில் செம்மண் நிலத்தில் மல்லாட்டை விளைவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இல்லை. இந்தத் தவறான அறிவுரைக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் கூலிக்காரர். அவருடைய ஒரு நாள் உழைப்பை ஒரு சின்னப் போத்தலுக்குள் அடைத்து வாங்கச் சொல்கிறோம். அதனால்தான் இதை விரிவாக மறுக்கவேண்டியிருக்கிறது.

முதலில் இந்த அமிலத்தைப் பார்ப்போம். 18 கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி அது. நடுவில், ஒன்பதாவது கார்பனும் பத்தாவது கார்பனும் சேரும் இடத்தில் மட்டும் ஓர் இரட்டைப் பிணைப்பு. அந்த இடத்தில் சங்கிலி வளைகிறது. வளைந்த சங்கிலிகள் நெருக்கி அடுக்கிக்கொள்ள முடியாது. எனவே 13, 14 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது திரவமாகவே இருக்கிறது. சூரியகாந்தியில் நிறைந்திருக்கும் லினோலியிக் அமிலத்திலும் அதே 18 கார்பன்தான், ஆனால் இரட்டைப் பிணைப்பு இரண்டு. அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் காற்றுக்கு எளிதில் மசிந்துவிடும். லினோலியிக், ஒலீயிக்கைவிடப் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுகிறது. எண்ணெய் காறல் அடிப்பது, வாணலியில் கறுத்துப் பிசுபிசுப்பது, மூடிவைத்த வறுகடலை ஒரு மாதத்தில் சுவை கெடுவது எல்லாம் இந்த ஒரு பிணைப்புக் கணக்கில் அடங்கும்.

இந்த அமிலம் ஆலிவ் மரத்துக்கு மட்டும் உரியதா? பிரெஞ்சு வேதியியலர் மிஷேல் ஷெவ்ரோல் 1823இல் வெளியிட்ட பெருநூல் விலங்குக் கொழுப்புகளைப் பற்றியது. ஒலீயிக் அமிலத்தை அவர் பிரித்து விளக்கியது அந்த ஆய்வில்தான். பன்றிக் கொழுப்பில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் ஒலீயிக். ரேஷன் கடையில் கிடைக்கும் பாமாயிலிலும் அதே அளவுதான். மனித உடலின் கொழுப்புத் திசுவில் மிகுதியாக இருப்பதும் ஒலீயிக்தான். அதை நம் உடல் தானே தயாரித்துக்கொள்ளும். வேப்பெண்ணெயிலும் புங்க எண்ணெயிலும் ஏறத்தாழப் பாதி ஒலீயிக். கடலோரத்து உப்புக் காற்றைத் தாங்கி வளரும் புன்னையின் கொட்டையை ஆட்டினால் வரும் கரும்பச்சை எண்ணெயிலும் பத்தில் நான்கு பங்கு அதுவே. கோயில் விளக்குக்குப் போன இலுப்பெண்ணெயும் இதில் சேர்த்திதான். ஆனால் புன்னை எண்ணெயில் யாரும் மீன் பொரிக்க மாட்டார்கள். அதை விளக்குக்கு ஊற்றினார்கள், மரப்படகுக்குப் பூசினார்கள். வேம்பிலும் புங்கிலும் ஒலீயிக்கோடு சேர்ந்துவரும் மற்றப் பொருள்கள் அவற்றை உணவாக விடுவதில்லை. எனவே ஒலீயிக் நிறைந்தது என்பது ஓர் எண்ணெய்க்கு நற்சான்று ஆகாது. கூட என்ன இருக்கிறது, எவ்வளவு சாப்பிடுகிறோம், எதற்குப் பதிலாகச் சாப்பிடுகிறோம் என்பவை சேர்ந்துதான் அதன் குணத்தை முடிவு செய்கின்றன. ஆலிவ் போத்தலின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாசகம் இந்த மூன்றில் ஒன்றைக்கூடச் சொல்வதில்லை.

ஆலிவுக்கு மாற்று கிடையாது என்ற பேச்சை ஆலிவ் நாட்டுக்காரர்களே ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கைவிட்டுவிட்டார்கள். அந்தக் கதையில் நம் மண்ணுக்கும் பங்கு இருக்கிறது. பிரான்சின் மார்செய் நகரம் சோப்புக்குப் பேர்போனது. பதினான்காம் லூயியின் அமைச்சரவை 1688இல் போட்ட ஆணைப்படி, மார்செய் சோப்பில் ஆலிவ் எண்ணெயைத் தவிர வேறு எந்தக் கொழுப்பும் கலக்கக் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் தேவை பெருகியது, ஆலிவ் போதவில்லை. சோப்பு ஆலைக்காரர்கள் நிலக்கடலையையும் எள்ளையும் தேங்காயையும் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பங்கு போனது. இன்னொரு பங்கு தென்னார்க்காட்டு மல்லாட்டை. செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து நிலங்களில் விளைந்தது புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் போய்ச் சேர்ந்தது. இந்த வட்டாரத்தில் மானாவாரி நிலமெல்லாம் மல்லாட்டைக் காடாக மாறியதற்கு அந்த ஏற்றுமதி பெரிய காரணம். சோப்பு வேதியியலில் பொய் செல்லாது. காரத்தோடு சேர்ந்து சோடியம் ஒலியேட் ஆக வேண்டிய கொழுப்பு எந்த மரத்தில், எந்தக் கொடியில் காய்த்தது என்பதைக் கொதிகலன் கேட்பதில்லை. தங்கள் ஆலிவின் இடத்தில் நம் மல்லாட்டையை உட்காரவைத்து வேலை வாங்கியவர்கள் மார்செய்க்காரர்கள். இன்று அதே மல்லாட்டையை ஒதுக்கிவிட்டு அவர்களுடைய ஆலிவை வாங்கு என்று நம் ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சோப்பு வேறு, வயிறு வேறு என்று எதிர்த்தரப்பு சொல்லும். நியாயம்தான். எண்களுக்கே வருவோம்.

ஆலிவ் எண்ணெயில் ஒலீயிக் ஏறத்தாழ 55 முதல் 83 விழுக்காடு வரை இருக்கலாம் என்பது உலகத் தர அளவுகோல். நிலக்கடலை எண்ணெய்க்கு அந்த அளவு 35இல் தொடங்கினாலும் அதன் மேல் எல்லை ஆலிவின் கீழ் எல்லையைத் தாண்டிப் போகிறது. நம் ஊரில் பயிராகும் கொத்துக் கடலை வகைகள் 40 முதல் 50 வரை தரும். ஆகவே இன்று செக்கடியில் வாங்கும் மல்லாட்டை எண்ணெய், நல்ல ஸ்பானிய ஆலிவுக்கு ஒலீயிக் அளவில் ஈடாகாது. இதை மறைத்துப் பேசுவது வாதத்துக்கு அழகல்ல. ஆனால் 'ஆலிவ்' என்ற பெயரே உயர்ந்த அளவுக்கு உறுதி தருவதில்லை. துனிசியாவின் சில பெயர்பெற்ற ஆலிவ் வகைகள் 60ஐ ஒட்டியே நிற்கின்றன. காய் முற்றும் காலத்தில் வெயில் ஏறினால் ஆலிவில் ஒலீயிக் குறைகிறது. மல்லாட்டையிலோ சூரியகாந்தியிலோ வெயில் ஏறினால் ஒலீயிக் கூடுகிறது! மரக்காணத்துப் பாத்தியில் உப்பைப் பூக்கவைக்கும் அதே பங்குனி, சித்திரை வெயில், மார்கழியில் விதைத்த இறவை மல்லாட்டையின் பருப்பில் ஒலீயிக்கை ஏற்றிவைக்கிறது. இது தெரிந்திருந்தால், 2008 முதல் ராஜஸ்தான் பாலையில் இஸ்ரேல் தொழில்நுட்பத்தோடு ஆலிவ் நட்டபோது, அந்தக் காசில் ஒரு பகுதியாவது கடலை விதைக்குப் போயிருக்க வேண்டாமா என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

விதை என்று சொன்னேன். இந்த வழக்கின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. ஓர் எண்ணெயில் ஒலீயிக் எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, செடிக்குள் இருக்கும் ஒரு நொதி. அது ஒலீயிக்கை எடுத்து இரண்டாவது இரட்டைப் பிணைப்பு போட்டு லினோலியிக்காக மாற்றுகிறது. அந்த நொதி பழுதானால் ஒலீயிக் ஒலீயிக்காகவே தங்கிவிடும். அப்படிப் பழுதான செடியை முதலில் கண்டது எதில் தெரியுமா? குசும்பா என்ற எண்ணெய் வித்துச் செடியில். 1957இல் வெளியான ஓர் ஆய்வு, வழக்கமான குசும்பாவுக்கு நேர்மாறாக ஒலீயிக் நிறைந்த ஒரு குசும்பா விதையை விவரித்தது. அந்த விதை இந்தியாவிலிருந்து போனது. கலிபோர்னியாவில் நோல்ஸ் என்ற பயிர் விஞ்ஞானி அதன் மரபை ஆராய்ந்து 1960களில் உயர் ஒலீயிக் குசும்பா ரகத்தை உருவாக்கினார். 1970களில் சோவியத் நாட்டின் கிராஸ்னதாரில் சல்தாத்தவ், ரசாயனத் தூண்டலால் 'பெர்வெனெத்ஸ்' என்ற உயர் ஒலீயிக் சூரியகாந்தியைக் கொண்டுவந்தார். இன்று உலகில் உள்ள உயர் ஒலீயிக் சூரியகாந்திகள் பெரும்பாலும் அதன் வாரிசுகள். அமெரிக்காவின் புளோரிடாவில் 80 விழுக்காடு ஒலீயிக் கொண்ட நிலக்கடலைச் செடி ஒன்று இயல்பாகவே இருப்பதை 1987இல் அறிவித்தார்கள். 1995இல் 'சன்ஒலீயிக் 95ஆர்' ரகம் வந்தது. நிலக்கடலையில் அந்த நொதிக்கான மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. இரண்டும் பழுதானால்தான் ஒலீயிக் உச்சத்துக்குப் போகும். அதனால் கலப்பு செய்து பொறுக்கி எடுப்பது பொறுமை கேட்கும் வேலை.

அந்த வேலையை இந்தியாவிலும் செய்து முடித்தாயிற்று. குஜராத்தின் ஜுனாகத்தில் உள்ள நிலக்கடலை ஆராய்ச்சி இயக்ககமும் ஹைதராபாத்தை அடுத்த இக்ரிசாட் நிறுவனமும் சேர்ந்து கிர்நார் 4, கிர்நார் 5 என்று இரண்டு ரகங்களை உருவாக்கின. இவற்றின் எண்ணெயில் ஒலீயிக் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. 2020 அக்டோபர் 16 உலக உணவு நாளன்று பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த 17 ஊட்டமேற்றிய ரகங்களில் இவை இரண்டும் உண்டு. மரபணு மாற்றுப் பயிர் என்று பயப்படவும் வேண்டாம். இயல்பாகத் தோன்றிய பண்பைக் கலப்பின் வழியாகக் கொண்டுவந்தவை. நல்ல ஆலிவுக்குச் சமமாகவோ மேலாகவோ ஒலீயிக் கொண்ட எண்ணெய், நம் செக்கில் ஆடக்கூடிய கடலைப் பருப்பிலேயே இருக்கிறது. 'நம் எண்ணெயில் ஒலீயிக் குறைவு' என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் விதைக் கிடங்கில் இருக்கும்போது, இறக்குமதிப் போத்தலைத் தேடி எதற்குப் போகவேண்டும்?

சரி, ஒலீயிக் உண்மையிலேயே இதயத்தைக் காக்கிறதா? அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 நவம்பரில் ஒரு வாசகத்துக்கு அனுமதி தந்தது. குறைந்தது 70 விழுக்காடு ஒலீயிக் உள்ள எண்ணெயை நாளுக்கு 20 கிராம் அளவில், நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தவற்றுக்குப் பதிலாகப் பயன்படுத்தினால் இதய நோய் அபாயம் குறையலாம் என்பது அதன் சாரம். சான்று ஆதரவாக இருக்கிறது, முடிந்த முடிவல்ல என்பதையும் அவர்கள் சேர்த்தே எழுதச் சொன்னார்கள். அந்த அனுமதி ஆலிவுக்கு மட்டும் தரப்பட்டதல்ல. உயர் ஒலீயிக் சூரியகாந்தி, குசும்பா, கனோலா, பாசி எண்ணெய் எல்லாம் ஆலிவோடு ஒரே வரிசையில் நின்றன. 'பதிலாக' என்ற நிபந்தனையையும் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே ஊற்றும் எண்ணெயோடு கூடுதலாக இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டால் கிடைப்பது இடுப்புச் சதை மட்டும்தான்.

ஆலிவ் தரப்பின் பெரிய ஆயுதம் ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட் ஆய்வு. 7,447 பேர். 2013இல் வெளியானது, பங்கேற்றவர்களைப் பிரித்த முறையில் குறை இருந்ததால் திரும்பப் பெறப்பட்டு 2018இல் திருத்திய வடிவில் மறுபடியும் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை கிட்டத்தட்ட 30 விழுக்காடு குறைந்ததாக அது சொல்கிறது. இதைக் காட்டி ஆலிவ் விற்பவர்கள் ஒரு பாதியைச் சொல்லாமல் விடுகிறார்கள். அந்த ஆய்வில் இரண்டு குழுக்களுக்குப் பலன் தெரிந்தது. ஒன்றுக்கு முதல் ஆட்டு ஆலிவ் எண்ணெய் கொடுத்தார்கள். இன்னொன்றுக்குக் கொடுத்தது எண்ணெயே அல்ல, அக்ரோட்டும் பாதாமும் ஹேசல் கொட்டையும். இரு குழுக்களிலும் அபாயம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. கொட்டையை மென்று தின்றவர்களுக்கும் கிடைத்த பலனை ஆலிவ் போத்தலின் கணக்கில் மட்டும் எழுதுவது எந்த நியாயம்?

மல்லாட்டை எண்ணெயின் மீது வைத்த நேரடிக் குற்றச்சாட்டும் ஒன்று உண்டு. 1970களில் டேவிட் கிரிட்செவ்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர், கொலஸ்டிரால் கலந்த தீனியோடு கடலெண்ணெய் கொடுத்த முயல்களின் தமனிகளில் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கொழுப்புப் படிவதைக் கண்டார். நேர்மையான ஆய்வு. ஆனால் முயல் தழை தின்னும் பிராணி. கொலஸ்டிராலே அதன் இயல்பான உணவில் கிடையாது. மனிதர்களிடம் நடத்திப் பார்த்த ஒரு சோதனையும் இருக்கிறது. 1999இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 22 பேருக்கு மாற்றி மாற்றி ஐந்து வகை உணவு கொடுத்தார்கள். ஒன்றில் ஆலிவ் எண்ணெய், ஒன்றில் கடலெண்ணெய், ஒன்றில் கடலையும் கடலை வெண்ணெயும். வழக்கமான அமெரிக்க உணவோடு ஒப்பிட்டால் இந்த மூன்றிலும் மொத்தக் கொலஸ்டிரால் 10 விழுக்காடும் கெட்ட கொலஸ்டிரால் எனப்படும் எல்.டி.எல். 14 விழுக்காடும் இறங்கின. ஆலிவுக்கும் கடலைக்கும் பாகுபாடு தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் கடலெண்ணெய் இதயத்தின் எதிரி என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

ஒலீயிக்கை விடுங்கள், ஆலிவில் பாலிஃபீனால்கள் இருக்கின்றனவே என்று அடுத்து வருவார்கள். உண்டு. பழத்தை நசுக்கி எடுக்கும் முதல் ஆட்டு எண்ணெயில் அவை உண்டு. தொண்டையைக் காறவைக்கும் அந்தக் கசப்பே அவற்றின் அடையாளம். ஆனால் நம் கடைகளில் 'சமையலுக்கு ஏற்றது' என்று விலை சற்றுக் குறைத்து விற்கப்படும் போத்தலைத் திருப்பிப் படியுங்கள். பலவற்றில் 'போமஸ்' என்று இருக்கும். எண்ணெய் எடுத்தபின் மிஞ்சிய பிண்ணாக்கைக் கரைப்பானில் ஊறவைத்துப் பிரித்து, சுத்திகரித்து, கொஞ்சம் நல்ல எண்ணெய் கலந்தது அது. பாலிஃபீனால்களில் மிகப் பெரும்பகுதி அந்தச் சுத்திகரிப்பில் போய்விடும். மிஞ்சுவது ஒலீயிக். மல்லாட்டைப் பிண்ணாக்கிலிருந்து கரைப்பானில் எடுத்த எண்ணெயை நம் வீட்டில் மதிப்பார்களா? அதற்கு இணையான ஒன்றுக்குத்தான் ஒரு லிட்டருக்குப் பல லிட்டர் கடலெண்ணெய் விலை கொடுக்கச் சொல்கிறார்கள்.

எதிர்த்தரப்பில் நான் மதிக்கும் வாதம் ஒன்று உண்டு. அது சூரியகாந்தியின் பக்கத்திலிருந்து வருகிறது. லினோலியிக் அமிலத்தை நம் உடல் தயாரிக்காது. உணவில் வந்தே தீரவேண்டும். எல்.டி.எல்.லை இறக்குவதில் அது ஒலீயிக்கைவிடச் சற்று மேல். அப்படியிருக்க எல்லாவற்றையும் ஒலீயிக்காக மாற்றுவது சரியா? பதில் நம் அடுப்பில் இருக்கிறது. லினோலியிக் நமக்குத் தேவைப்படும் அளவு பெரிதல்ல. நல்லெண்ணெயிலும் தானியத்திலும் பருப்பிலும் எள்ளுருண்டையிலும் அது வந்துவிடும். நல்லெண்ணெயில் ஒலீயிக்கும் லினோலியிக்கும் ஏறக்குறையச் சம அளவு. அதில் இயல்பாக இருக்கும் செசமால், செசமின் போன்றவை அது கெடாமலும் பார்த்துக்கொள்கின்றன. பிரச்சினை பொரிக்கும்போதுதான் வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீன் வறுக்கும் கடையிலும் சாயங்கால பஜ்ஜிக் கடையிலும் ஒரே எண்ணெய் மணிக்கணக்கில் கொதிக்கிறது. ஈரமும் உப்பும் மசாலாத் தூளும் அதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. 60 விழுக்காடு லினோலியிக் கொண்ட சாதாரண சூரியகாந்தி எண்ணெய் அந்த வாணலியில் வேகமாகச் சிதைந்து ஆல்டிஹைடுகளாகவும் பிசினாகவும் மாறுகிறது. பொரித்த எண்ணெயில் சிதைவுப் பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. தள்ளுவண்டிக்காரரிடம் அதை அளக்கும் கருவி இருக்காது. எளிதில் சிதையாத எண்ணெயை அவர் கைக்குக் கொண்டுபோவதுதான் நடக்கக்கூடிய பாதுகாப்பு. உயர் ஒலீயிக்கின் தலையாய பயன் இதுவே என்பது என் உறுதியான எண்ணம். வீட்டுத் தாளிப்பில் அதனால் பெரிய வித்தியாசம் வராது. கடை வாணலியில் வரும்.

இந்த இடத்தில் நம் பக்கத்து ஆட்களையும் மறுத்தாக வேண்டும். மரச்செக்கில் ஆட்டினால் போதும், எல்லா நலமும் வந்துவிடும் என்பவர்கள் இப்போது நிறைய. வாகை மரச் செக்கில் ஆட்டினாலும் இரும்பு எக்ஸ்பெல்லரில் பிழிந்தாலும் ஒலீயிக் விழுக்காடு மாறாது. அது விதைக்குள் தீர்மானமானது. செக்கெண்ணெயில் மணமும் வைட்டமின் ஈயும் தங்கும், அது உண்மை. ஆனால் வடிகட்டி அப்படியே விற்பதால், பூஞ்சை பிடித்த பருப்பின் அஃப்லடாக்சின் நஞ்சும் தங்கிவிடலாம். ஆலைச் சுத்திகரிப்பில் காரம் சேர்க்கும்போது அது பெருமளவு நீங்கிவிடும். மரக்காணம் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். பிடுங்கிய மல்லாட்டையைக் களத்தில் நன்றாகக் காயவைக்காமல், காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு சலசலக்கும் பதம் வருவதற்கு முன்பே மூட்டை கட்டினால் பூஞ்சைக்கு அழைப்பு வைத்த மாதிரிதான். சொத்தைப் பருப்பையும் சுருங்கிய பருப்பையும் மலிவாக வாங்கி எண்ணெய்க்குத் தள்ளுவது பல இடங்களில் நடக்கிறது. செக்கின் பெருமையைப் பேசுகிறவர்கள், செக்கில் போடும் பருப்பைப் பொறுக்கும் கைகளுக்கு அதே அக்கறையைக் காட்ட வேண்டும்.

இன்னொன்றும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்தக் கரையில் மூவாயிரம் ஏக்கருக்கும் மேல் உப்பு விளைகிறது. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு போதும் என்கிறது. நாம் தின்பது அதைவிட மிக அதிகம். கருவாடும் ஊறுகாயும் பழைய சோறும் சாப்பிடும் வீட்டில் இரத்த அழுத்தத்தை அளக்காமல், எண்ணெயை மட்டும் மாற்றச் சொல்லி அனுப்பும் அறிவுரை பாதி வைத்தியம்கூட இல்லை. எண்ணெயிலும் எந்த எண்ணெய் என்ற கேள்விக்கு முன்னால் எவ்வளவு என்ற கேள்வி வர வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்கு ஓராளுக்குப் பரிந்துரைக்கும் எண்ணெய் 20, 30 கிராம் அளவில்தான். ஒரே எண்ணெயைப் பிடித்துக்கொள்ளாமல் மாற்றி மாற்றிப் பயன்படுத்தவும் அது சொல்கிறது. அந்த அளவுக்குள் நின்றால் இன்றைய சாதாரண மல்லாட்டை எண்ணெயும் நல்லெண்ணெயும் ஓர் உப்பளத் தொழிலாளியின் குடும்பத்துக்குப் போதுமானவை. இதைக் கேட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகட்டும்.

உயர் ஒலீயிக் மல்லாட்டை ஏன் இந்தப் பக்கம் பரவலாக வரவில்லை? விவசாயியின் அறியாமை என்று சொன்னால் அது பொய். நிலக்கடலை விதை மெதுவாகத்தான் பெருகும். ஏக்கருக்கு 50, 60 கிலோ பருப்பு விதைக்கே போய்விடும்; கம்பு, சோளம் மாதிரி ஒரு கைப்பிடியில் ஒரு காட்டை விதைக்க முடியாது. லாபம் குறைவு என்பதால் தனியார் விதை நிறுவனங்கள் எட்டிப் பார்ப்பதில்லை. தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் விவசாயி ஒருமுறை வாங்கினால் தன் விதையைத் தானே எடுத்துவைத்துக்கொள்ளலாம். அவருக்கு அது வரம், விதை வியாபாரிக்கு இழப்பு. எனவே இந்த வேலை அரசு நிலையங்களின் தலையில்தான் விழுகிறது. திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. என்ற எழுத்துகளோடு நாடெங்கும் போன கடலை ரகங்கள் அங்கிருந்து கிளம்பியவை. குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தெரிந்தெடுத்து 1940இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 பல தலைமுறை விவசாயிகளைக் கடந்தும் வயலில் நின்றது. அந்த நிலையத்தில், இந்த மண்ணுக்கும் இந்த மழைக்கும் பழகிய ஒரு ரகத்துக்குள் 80 விழுக்காடு ஒலீயிக்கைக் கொண்டுவருவது செய்யக்கூடிய காரியம். சமையல் எண்ணெய் வித்துகளுக்கான தேசிய இயக்கத்துக்கு 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒதுக்கிய தொகை 10,103 கோடி ரூபாய். பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

விதை வந்தாலும் விலை வராவிட்டால் விவசாயி ஒரு பட்டத்தோடு விட்டுவிடுவார். திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மல்லாட்டை மூட்டைக்கு விலை வைக்கும்போது பருப்பு எவ்வளவு தேறும், ஈரம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். ஒலீயிக்குக்கு அங்கே விலை கிடையாது. உயர் ஒலீயிக் காயையும் சாதாரணக் காயையும் ஒரே குவியலில் கொட்டிவிட்டால் ரகத்தின் பலன் அந்தக் களத்திலேயே போய்விடும். வெளித் தோற்றத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பிழிந்த எண்ணெயின் ஒளிவிலகல் எண்ணைப் பார்த்தாலே ஏறக்குறையச் சொல்லிவிடலாம். அகச்சிவப்புக் கதிர்க் கருவி இருந்தால் பருப்பை உடைக்காமலேயே அளக்கலாம். ஆஸ்திரேலியாவில் கடலைத் தொழிலே பெரும்பாலும் உயர் ஒலீயிக்குக்கு மாறியபோது இப்படி அளந்து, தனியாகக் கொள்முதல் செய்து, தனியாக ஆட்டித்தான் செய்தார்கள். இங்கே விற்பனைக் கூடத்தில் ஒரு கருவியும், தனிக் குவியலுக்கு ஒரு களமும், கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதல் விலையும் வேண்டும். கொள்முதல் செய்த காயை ஆட்டிய எண்ணெயை முதலில் வாங்கவேண்டியவர்கள் அரசு மருத்துவமனைச் சமையலறை, பள்ளிச் சத்துணவுக் கூடம், பிறகு ரேஷன் கடை. பாமாயிலுக்குப் பதிலாகக் கடலெண்ணெய் கொடுங்கள் என்று தமிழ்நாட்டு விவசாயச் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகின்றன. பாமாயிலில் ஒலீயிக் நாற்பதுக்கு மேல் இருந்தாலும் நிறைவுற்ற கொழுப்பு பாதியை நெருங்குகிறது; கடலெண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கும்; கிர்நார் போன்ற ரகங்களில் இன்னும் குறைவு. சங்கங்களின் கோரிக்கையில் உயர் ஒலீயிக் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து எழுத வேண்டும். அடுத்த மார்கழிப் பட்டத்துக்குள் மரக்காணம், வானூர், திண்டிவனம் வட்டங்களில் விதைப் பெருக்கத்துக்கு நிலம் குறித்து, விதைச் சான்றுத் துறையின் மேற்பார்வையில் விதைப்பைத் தொடங்கலாம்.